இருபது நிமிட லாபம்! ஒரு ராத்திரி நஷ்டம்!

சென்னையிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டாலும் கைபேசியைத் தட்டிச் சொல்லிவிடுவான். நேர்கோட்டில் சுமார் 4,400 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானம் என்றால், காற்றைப் பொறுத்து ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி நேரம். கணக்கில் பிழையில்லை.

ஆனால் சகோதரர்களே, அது யாருடைய கணக்கு? மீனம்பாக்கத்து ஓடுதளத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பவர் யாராவது நம்மில் உண்டா? ஆரணியில் குடியிருப்பவனின் பயணம் ஆரணியில், அவன் வீட்டு வாசலில், பிள்ளைகள் அழுதுகொண்டே துஆ கேட்கும் இடத்தில் தொடங்குகிறது. அந்த வாசலிலிருந்து அளந்தால் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? இதைக் கைபேசி சொல்லாது. டெல்லியில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்கள் கேட்பதும் இல்லை.

நம் ஊர் பட்டுக்குப் பேர் போன ஊர். ஒரு சேலைக்கு எத்தனை நாள் என்று வெளியூர்க் கடைக்காரர் கேட்டால், தறியில் உட்கார்ந்து நாடா தள்ளிய நாளை மட்டும் எந்த நெசவாளியும் சொல்லமாட்டார். சாயம் தோய்த்த நாள், பாவு ஓடிய நாள், பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்த நாள், வீட்டுப் பெண்கள் தார் சுற்றிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்வார். அப்படிச் சொல்லாதவருக்குக் கூலி கட்டாது. விமானக் கணக்கு போடுகிறவர்கள் மட்டும் தறியில் ஓடியதை எண்ணிவிட்டு மற்றதையெல்லாம் கழித்துவிடுகிறார்கள். கழித்த பாகம் நம் தலையில் விழுகிறது.

இந்தக் கணக்குக் கோளாறு ஹஜ் பயணிகளை என்ன பாடு படுத்தியது என்பதைப் பலர் இதற்குள் மறந்துவிட்டார்கள். மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

பட்டியலில் காணாமல் போன சென்னை

2020 நவம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. கொரோனா காரணமாக, ஹஜ் பயணிகள் புறப்படும் விமான நிலையங்கள் 21லிருந்து 10 ஆகக் குறைக்கப்படும் என்றது. அகமதாபாத், பெங்களூரு, கொச்சி, டெல்லி, குவாஹாத்தி, ஐதராபாத், கொல்கத்தா, லக்னோ, மும்பை, ஸ்ரீநகர் ஆகியவையே அந்தப் பத்து. மேலும் கீழும் எத்தனை முறை படித்தாலும் சென்னை இல்லை!

தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் ஹாஜிகள் எல்லோரும் கொச்சிக்குப் போகவேண்டும் என்றார்கள். 2021இல் வெளிநாடுகளிலிருந்து யாரையும் சவூதி அரசு ஹஜ்ஜுக்கு அனுமதிக்கவில்லை என்பதால் அந்த ஆண்டு பிரச்சினை தானாகவே தள்ளிப்போனது. 2021 நவம்பரில் மறுபடியும் அதே பத்து ஊர்ப் பட்டியல் வந்தது. சமுதாய அமைப்புகள் குரல் கொடுத்தன. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பட்டியல் அசையவில்லை. 2022இல் இந்தியாவிலிருந்து 79,237 பேருக்கு அனுமதி கிடைத்தபோது, தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சி போய்த்தான் விமானம் ஏறினார்கள்.

கொச்சியிலிருந்து ஜித்தா சுமார் 4,170 கிலோமீட்டர். சென்னையைவிட ஏறக்குறைய 270 கிலோமீட்டர் குறைவு. மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு 270 கிலோமீட்டர் என்பது எவ்வளவு நேரம்? இருபது நிமிடம்! ஜித்தாவுக்குப் பதில் மதீனாவில் இறங்கினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இப்போது ஆரணிக் கணக்கைப் பார்ப்போம். சென்னை விமான நிலையம் ஆரணியிலிருந்து 130 கிலோமீட்டர் சொச்சம். செய்யாறு, காஞ்சிபுரம் வழியாக வேன் பிடித்தால் மூன்று மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரே வேனில் பெண்டு பிள்ளைகளும் வழியனுப்ப வந்து, அன்றே ஊர் திரும்பிவிடலாம். கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கோ சாலை வழியில் 500 கிலோமீட்டருக்கு மேல். ரயில் என்றால், ஆரணி நகருக்கு ரயிலே கிடையாது. ‘ஆரணி ரோடு’ என்று பெயர் வைத்த நிலையம்கூட களம்பூரில்தான் இருக்கிறது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேலூர் வழியாகக் காட்பாடி போய், அங்கே கேரளா போகும் ரயிலுக்காகக் காத்திருந்து, ராத்திரி முழுவதும் பயணம் செய்து, ஆலுவாயில் இறங்கி, அங்கிருந்து மறுபடியும் வண்டி பிடிக்கவேண்டும்.

வானத்தில் இருபது நிமிடம் மிச்சம். தரையில் ஒரு ராத்திரி செலவு. இதற்குப் பெயர் ஏற்பாடா?

போகும்போது மட்டுமா? நாற்பது நாள் அலைந்து, நடந்து, களைத்துத் திரும்பும்போதும் அதே கதைதான். சென்னையில் இறங்கினால் மகன் வாசலில் நிற்பான். கொச்சியில் இறங்கினால்? ஆளுக்கு இரண்டு பெட்டி, ஐந்து லிட்டர் ஜம்ஜம் கேன், வீங்கிய கால். இன்னொரு ராத்திரி ரயில். அதிலும் டிக்கெட் உறுதியாகியிருந்தால்!

கேரளச் சகோதரர்கள் மீது நமக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். நம் வழக்கு விருந்து வைத்தவரோடு அல்ல. நம் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சாப்பிடப் போ என்றவரோடுதான்.

அந்தமான்காரரின் கதை இன்னும் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லவும் மனம் வரவில்லை. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரம் கடலைத் தாண்டிப் பறந்து வரவேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கினால் பன்னாட்டு முனையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே ஹஜ் விமானம் கிடையாது. சென்னையில் இறங்கிய மனிதர் கொச்சிக்கு இன்னொரு பயணம் போய், அங்கிருந்து ஜித்தாவுக்குப் பறக்கவேண்டும்! உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டியிருந்தால்கூட இப்படி ஓர் உத்தரவு வந்திருக்காது.

“கொரோனா காலம்தானே?”

கொள்ளைநோய்க் காலத்தில் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பரிசோதனை, தனிமைப்படுத்தல், மருத்துவக் குழு எல்லாம் எல்லா ஊரிலும் ஏற்பாடு செய்வது கடினம். நிலையங்களைக் குறைத்தார்கள், ஒப்புக்கொள்கிறோம். நாம் கேட்பது வேறு. குறைக்கும்போது எந்த அளவுகோலை வைத்துக் குறைத்தீர்கள்? தெற்கே பெங்களூரு இருந்தது, ஐதராபாத் இருந்தது, கொச்சி இருந்தது. நாட்டின் பெரிய பன்னாட்டு விமான நிலையங்களில் ஒன்றான சென்னை மட்டும் ஏன் இல்லை? மருத்துவ வசதியில் தமிழ்நாடு யாருக்குக் குறைந்தது? அதுவுமன்றி, நோய் பரவும் காலத்தில் முதியவர்களைக் கூட்டமான ரயிலில் ஒரு ராத்திரி அடைத்து அனுப்புவதா நோய்த் தடுப்பு?

வேறு சிலர் இன்னொரு வாதம் வைக்கிறார்கள். “உங்கள் பாட்டனார் பம்பாய் போய்க் கப்பல் ஏறவில்லையா? அவர் பட்ட கஷ்டத்தில் இது எம்மாத்திரம்?” என்கிறார்கள். உண்மைதான். அந்தக் காலத்தில் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு 2,300 கடல் மைல். கப்பலில் 12 முதல் 15 நாள். அதற்கு முன்னால் ரயிலில் பம்பாய் சேர்வது தனிப் பயணம். திரும்பி வருவோமா என்ற நிச்சயம் இல்லாமல் கடனையெல்லாம் அடைத்துவிட்டுப் போனார்கள். 1995இல் அந்தக் கப்பல் பயணம் நின்றது. 2018இல் மறுபடியும் கப்பல் விடுவோம், நவீனக் கப்பலில் மூன்று நான்கு நாள்தான் என்று அமைச்சர் முக்தார் அப்பாஸ் நக்வி அறிவித்தார். அந்தக் கப்பல் இன்னும் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவில்லை.

பாட்டனார் பட்ட கஷ்டத்துக்குக் காரணம் வேறு வழி இல்லாதது. 2022இல் ஆரணிக்காரன் பட்ட கஷ்டத்துக்குக் காரணம், இருந்த வழியை ஒரு சுற்றறிக்கையில் அடைத்தது. இரண்டும் ஒன்றா?

தூரத்துக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை!

2023இல் புறப்பாட்டு நிலையங்கள் 25 ஆக உயர்ந்தன. சென்னையும் திரும்ப வந்தது, அல்ஹம்துலில்லாஹ். அதோடு நம் சமுதாயமும் படுத்துத் தூங்கிவிட்டது! சுவரொட்டி ஒட்டியவர்கள் பசையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். போன வழியிலேயே மறுபடியும் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் வாங்கினோம்? ஒரு வரி எழுத்து உண்டா?

கட்டணத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். 2024 ஹஜ்ஜுக்குக் கோழிக்கோட்டிலிருந்து போவோருக்கு விமானக் கட்டணம் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் என்று முதலில் அறிவிப்பு வந்தது. அதே கேரளத்தில் கொச்சியிலிருந்து போவோருக்குச் சுமார் 86 ஆயிரம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! கோழிக்கோடு தொலைவா என்றால் இல்லை. கொச்சியைவிட ஜித்தாவுக்குக் கொஞ்சம் நெருக்கமான ஊர் அது. பின் ஏன்? 2020 ஆகஸ்ட் 7 அன்று அந்த ஓடுதளத்தில் நடந்த விபத்தில் 21 பேர் உயிரிழந்த பிறகு அங்கே பெரிய விமானங்கள் இறங்குவதில்லை. சிறிய விமானம்தான், அதற்குப் போட்டி போட வேறு நிறுவனமும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு சுமார் நாற்பதாயிரம் ரூபாய் அளவுக்குக் குறைத்தார்கள். அப்படியும் கொச்சியைவிட அதிகம்தான். எதிர்த்தவுடன் நாற்பதாயிரம் குறையும் கட்டணம், எதிர்க்காவிட்டால் யார் பைக்குப் போயிருக்கும்?

விமான நிறுவனங்கள் ஒரு விளக்கம் சொல்லும். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஹாஜிகளை இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்புகிறது. ஹஜ் முடிந்ததும் காலியாகப் போய் ஆளை ஏற்றி வருகிறது. ஆக ஒரு ஹாஜிக்காக விமானம் நான்கு முறை கடலைத் தாண்டுகிறது, இரண்டு முறை பணம் தரும் ஆள் இல்லாமல். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் ஊர் வரத் துடிக்கும் நம் பிள்ளைகள் சவூதியில் எத்தனை பேர்? காலி இருக்கையை நியாய விலைக்கு அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வருமானத்தை ஹாஜியின் கட்டணத்தில் கழித்தால் என்ன? இதற்காக அரசு இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கூடாதா?

மானியம் மானியம் என்று பல ஆண்டுகள் நம்மைக் குத்திக் காட்டினார்கள். அந்தப் பணம் ஹாஜியின் கைக்கு வரவில்லை, விமான நிறுவனத்தின் கணக்குக்குப் போனது என்று இந்தச் சமுதாயம் தொண்டை கிழியக் கத்தியது. 2012இல் உச்சநீதிமன்றம் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. 2018 ஜனவரியில் அரசு ஒரேயடியாக நிறுத்திவிட்டது. நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் மானியத்தோடு சேர்ந்து ஒரு நியாயமும் போய்விட்டதை யாரும் பேசவில்லை. 2011இல் எந்த ஊரில் ஏறினாலும் ஹாஜி கட்டிய விமானக் கட்டணம் ரூ. 16,000 மட்டுமே. ஸ்ரீநகர்க்காரருக்கும் அதே, சென்னைக்காரருக்கும் அதே. இன்றைக்கு ஊருக்கு ஒரு விலை.

இதில் ஆரணிக்காரருக்கு ஒரு சோதனை இருக்கிறது. நம்மிடமிருந்து பெங்களூரு 230 கிலோமீட்டர்தான். ஓர் ஆண்டு பெங்களூருக் கட்டணம் பத்தாயிரம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் இருபதாயிரம் மிச்சம். பட்டு நெசவாளிக்கு இருபதாயிரம் சாதாரணமா? அவர் பெங்களூரு என்றுதான் எழுதுவார். வாணியம்பாடிக்காரரும் ஆம்பூர்க்காரரும் அப்படியே எழுதலாம். கிருஷ்ணகிரி, ஓசூரைக் கேட்கவே வேண்டாம். இப்படியே போனால் சென்னைக் கணக்கில் ஆள் குறையும். நாளை யாராவது ஒரு அதிகாரி கோப்பைப் புரட்டி, சென்னையில் கூட்டம் இல்லை, எடுத்துவிடலாம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? விழுப்புரத்துக்காரரும் நாகூர்க்காரரும் காயல்பட்டினத்துக்காரரும் மறுபடி மலை தாண்டவேண்டியதுதான்.

அதற்காக ஏழை நெசவாளியைப் பார்த்து, ஊருக்காக இருபதாயிரம் கூடுதலாகக் கட்டு என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. சொல்வதும் அநியாயம். அதனால்தான் நாம் சண்டை போடவேண்டிய இடம் விண்ணப்பப் படிவம் அல்ல, கட்டணம் என்கிறோம். தென்னிந்தியப் புறப்பாட்டு நிலையங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம் வையுங்கள். முடியாது என்றால், கிலோமீட்டருக்கு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, விமான நிலையக் கட்டணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பிரித்து அச்சடித்து ஒவ்வொரு ஹாஜியின் கையிலும் கொடுங்கள். ஐந்து மீட்டர் துணி வாங்குகிறவனுக்கே பில் கிடைக்கிறது. 4,400 கிலோமீட்டர் போகிறவனுக்குக் கிடையாதா?

நம் வீட்டுக் குற்றமும் உண்டு

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நாம் நேர்மையானவர்கள் அல்ல. உம்ரா ஏஜென்சிகள் நம்மவர்கள்தானே நடத்துகிறார்கள்? ‘சென்னை – ஜித்தா விமானம், குறைந்த கட்டணம்’ என்று பெரிய எழுத்தில் நோட்டீஸ் அடிக்கிறார்கள். நடுவில் கொழும்பிலோ மஸ்கட்டிலோ ஷார்ஜாவிலோ எத்தனை மணி நேரம் காக்கவைப்பார்கள் என்பது பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை. ஆறு மணி நேரம் என்று நம்பி இஹ்ராம் துணியோடு கிளம்பிய எழுபது வயதுக் கிழவர், இடையில் ஒரு விமான நிலையத்து நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து காலை நீட்ட இடமில்லாமல் தவிப்பது பாவமில்லையா? இடையில் இறங்கும் விமானம் விலை குறைவு என்றால் விற்கட்டும். எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லி விற்கட்டும். மறைத்து விற்பதை மார்க்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று அவர்களுக்கு நாம் பாடம் நடத்தவேண்டியதில்லை.

வாசகர்கள் கவனிக்க: டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். நம் கடிகாரம் சவூதியைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சென்னையில் காலை 10 மணிக்கு ஏறி ஜித்தாவில் பகல் 1.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று மகிழாதீர்கள். உட்கார்ந்திருக்கப் போவது ஆறு மணி நேரம். சர்க்கரை மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் வேளைக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இடையில் இறங்கும் விமானம் என்றால், புறப்பாட்டு நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள். பதினான்கு, பதினைந்து என்று வந்தால் ஏஜென்டிடம் ஏன் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

வானத்துத் தூரமும் நிலையானதல்ல. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போகவேண்டி வந்தது. உடனே எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. கூடுதல் நேரம் எவ்வளவு, கூடுதல் எரிபொருள் எவ்வளவு, நிறுவனங்களுக்கு நஷ்டம் எவ்வளவு என்று பக்கம் பக்கமாகக் கணக்கு வந்தது. நல்லது. 2022இல் தமிழ்நாட்டு ஹாஜிகள் தரைவழியே சுற்றிப் போனார்களே, அந்தக் கூடுதல் நேரத்துக்கும் கூடுதல் செலவுக்கும் யார் கணக்கு எழுதினார்கள்?

அதே அக்கறையில், திண்டிவனம் – நகரி ரயில் பாதையையும் கேட்கத் தோன்றுகிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாகப் போகவேண்டிய பாதை. 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தை இன்றைக்கு ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது. ஆரணி நகரத்துக்கு ரயில் வரவில்லை. சென்னைக்குச் சேலைக்கட்டு கொண்டுபோகும் நெசவாளிக்கும், மருத்துவமனைக்கு ஓடும் நோயாளிக்கும், விமானம் பிடிக்கும் பயணிக்கும் இந்த மூன்று மணி நேரம் ஒன்றுதான். அதில் எந்த மதமும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒன்று கேளுங்கள். ஹஜ் கமிட்டி சட்டம் 2002இல் வந்தது. புறப்பாட்டு நிலையங்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது, எந்த அடிப்படையில் நீக்குவது என்பதை எழுத்தில் விதியாக்கச் சொல்லுங்கள். பயணியின் வீட்டிலிருந்து புறப்பாட்டு நிலையம் எவ்வளவு தூரம் என்பது அந்த விதியில் முதல் வரியாக இருக்கட்டும். நீக்குவதாக இருந்தால் மாநில அரசைக் கேட்காமல் நீக்கக் கூடாது என்பது இரண்டாவது வரி.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஆண்டு உங்கள் மஹல்லாவிலிருந்து போன ஹாஜிகள் வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம், எங்கே ஏறினார்கள், எத்தனை மணிக்கு இறங்கினார்கள், வீட்டிலிருந்து விமான நிலையம்வரை எவ்வளவு செலவு என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 2022இல் கொச்சி வழியாகப் போனவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். நினைவு மங்குவதற்குள் கேளுங்கள். எழுதியதை மாநில ஹஜ் கமிட்டிக்கு ஒரு பிரதி, உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த விண்ணப்பத்தில் புறப்பாட்டு நிலையம் என்ற கட்டத்தை நிரப்பும்போது, பக்கத்துத் தெருப் படிப்பாளிப் பையனிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன தட்டுகிறான் என்று பாருங்கள்.